பன்னீர் திராட்சையின் பனிநாட்டுப் பேத்தி

லா கிரெசென்ட் என்பது கடுங்குளிரைத் தாங்குவதற்கென்றே உருவாக்கப்பட்ட வெள்ளை ஒயின் திராட்சை. அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1988-இல் அதற்கான மகரந்தச் சேர்க்கை நடந்தது. பிறந்த நாற்றுகளில் ஒன்று 1992-இல் தேர்ந்தெடுக்கப்பட்டு எம்.என். 1166 என்று எண் பெற்றது. மேலும் பத்தாண்டுக் கால வளர்ப்புக்கும் சோதனைக்கும் பிறகு, 2002-இல், மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள ஓர் ஊரின் பெயரைத் தாங்கி அது உழவர் கைக்கு வந்தது. குளிர்காலத்தில் மைனஸ் 36 டிகிரி செல்சியஸ் வரை வெப்பநிலை இறங்கினாலும் அதன் கட்டைக்குச் சேதமில்லை. ஐரோப்பாவின் புகழ்பெற்ற ஒயின் திராட்சைகளில் பெரும்பாலானவை மைனஸ் 20-ஐத் தாண்டியதுமே கண் கருகத் தொடங்கிவிடும்.

இதன் தாய் செயின்ட் பெப்பின் என்ற வெள்ளைத் திராட்சை. அந்தக் கொடியில் பெண் பூக்கள் மட்டுமே பூக்கும். அதன் மகரந்தத்துக்கு வீரியம் கிடையாது. ஆகவே எந்தச் சேர்க்கையிலும் அது தாயாக மட்டுமே இருக்க முடியும். தந்தைக்குப் பெயர்கூட இல்லை, இ.எஸ். 6-8-25 என்ற எண்தான் உண்டு. அந்த எண்ணுக்குரிய கொடி இரண்டு பேருக்குப் பிறந்தது. ஒருவர், வட அமெரிக்க ஆற்றங்கரைகளில் தானாகவே படர்ந்து கிடக்கும் விட்டிஸ் ரிப்பேரியா என்ற காட்டுத் திராட்சை. மற்றவர் மஸ்கட் ஹாம்பர்க். இந்த இரண்டாவது பெயரைக் கேட்டதும் தமிழர் காது நிமிர வேண்டும். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் பந்தலாகத் தொங்கும் பன்னீர் திராட்சையே மஸ்கட் ஹாம்பர்க். உறைபனியில் உயிர்வாழும் லா கிரெசென்ட், முறைப்படி பார்த்தால், அதன் பேத்தி.

பன்னீர் திராட்சையும் கலப்பில் பிறந்ததுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் செல்வர்கள் கண்ணாடிக் கூடம் அமைத்து, உள்ளே வெப்பமூட்டித் திராட்சை வளர்த்தார்கள். அத்தகைய கூடங்களில் பிளாக் ஹாம்பர்க் என்று வழங்கிய கரிய திராட்சையும், அலெக்சாந்திரியா மஸ்கட் என்ற பழம்பெரும் மணமுள்ள வெள்ளைத் திராட்சையும் இணைந்ததில் மஸ்கட் ஹாம்பர்க் தோன்றியது. மரபணு ஆய்வும் இந்தப் பெற்றோரையே உறுதிப்படுத்துகிறது. பிளாக் ஹாம்பர்க் ரகத்தின் மிக மூத்த கொடி ஒன்று லண்டனுக்கு அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் இன்றும் காய்க்கிறது. அது 1768-இல் நடப்பட்டது. இந்தியாவுக்குள் மஸ்கட் ஹாம்பர்க்கைக் கொண்டுவந்தவர் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் என்பது கம்பம் வட்டாரத்தில் வழங்கிவரும் செய்தி. எப்படி வந்திருந்தாலும், கண்ணாடிக் கூண்டுக்குள் செல்லமாக வளர்ந்த செடி, முல்லைப்பெரியாற்றுப் பாசனத்தில் சுருளிப்பட்டியிலும் இராயப்பன்பட்டியிலும் காமயகவுண்டன்பட்டியிலும் வெட்டவெளிப் பயிராகிச் சிறு உழவர்களின் வாழ்வாதாரமானது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

கம்பத்தில் இந்தக் கொடி உறங்குவதே இல்லை. குளிர்காலம் என்ற ஒன்று அங்கே கிடையாது என்பதால், எப்போது முளைக்க வேண்டும் என்பதைக் கொடிக்குச் சொல்வது உழவரின் கவாத்துக் கத்திதான். வெட்டிய நாளிலிருந்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் பழம் கைக்கு வருகிறது. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாளை மாற்றி வைத்துக்கொள்வதால் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் எங்கேனும் அறுவடை நடந்துகொண்டே இருக்கிறது. உலகின் திராட்சை நாடுகளில் இது மிக அரிது. ஆண்டுக்கு ஓர் அறுவடை, மீதி மாதங்கள் உறக்கம் என்பதே பிற இடங்களின் வழக்கம்.

அந்த உறக்கம் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் குளிர் தாங்கும் திராட்சையின் அருமை விளங்கும். வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போனதும் செடிக்குள் இருக்கும் நீர் பனிக்கட்டியாகத் தொடங்குகிறது. உயிரணுவுக்கு வெளியே கட்டி பிடித்தால் செடி பிழைத்துக்கொள்ளும். உள்ளே பிடித்தால் உயிரணு கிழிந்து சாகும். இதைத் தவிர்க்கத் திராட்சைக் கொடி இலையுதிர் காலத்திலேயே ஏற்பாடுகளைத் தொடங்குகிறது. பச்சைத் தண்டு முற்றிப் பழுப்புப் பட்டை கட்டுகிறது. மொட்டுகளில் நீர் குறைந்து சர்க்கரை கூடுகிறது. தண்டிலிருந்து மொட்டுக்குச் செல்லும் நீர்ப்பாதை அடைபடுகிறது. கடைசியில் மொட்டுக்குள் மிஞ்சிய சிறிதளவு நீர், உறைநிலைக்கு வெகு கீழேயும் கட்டியாகாமல் நீராகவே நின்றுகொள்கிறது. இந்த நிலை எந்த வெப்பநிலை வரை தாங்கும் என்பதே ஒரு ரகத்தின் குளிர்த் திறன். ஆய்வகத்தில் மொட்டை மெல்லக் குளிர்வித்துக்கொண்டே போனால், உள்ளே நீர் உறையும் அந்தக் கணத்தில் நுண்ணளவு வெப்பம் வெளிப்படும். அதைக் கருவி பதிவு செய்கிறது. மொட்டு செத்த இடம் அதுவே.

இன்னொரு பாதுகாப்பும் உண்டு. திராட்சையின் ஒவ்வொரு கண்ணிலும் மூன்று மொட்டுகள் அடங்கியிருக்கும். முதல் மொட்டு கருகினால் இரண்டாவது துளிர்க்கும், அதுவும் போனால் மூன்றாவது. ஐரோப்பிய ரகங்களில் இரண்டாம் மொட்டின் துளிரில் காய்ப்பு பெரும்பாலும் சொற்பமே. அமெரிக்கக் காட்டுத் திராட்சைகளின் இரத்தம் கலந்தவற்றில் பல, இரண்டாம் துளிரிலும் ஓரளவு காய் கொடுக்கும்.

ரிப்பேரியாவின் தனிச்சிறப்பு அது காலத்தை அறியும் விதத்தில் இருக்கிறது. வெயில் இன்னும் காயும்போதே, பகல் குறுகத் தொடங்குவதை உணர்ந்து அது வளர்ச்சியை நிறுத்திவிடுகிறது. மின்னசோட்டாவில் நெடும் பகலுக்கும் குறும் பகலுக்கும் இடையில் ஏறத்தாழ ஏழு மணி நேர வேறுபாடு உண்டு. குளிர் வந்து சேர்வதற்குள் தண்டு முற்றி, மொட்டு வற்றி, எல்லாம் ஆயத்தமாகிவிடும். ஐரோப்பிய ரகங்களோ வெப்பம் இருக்கும்வரை வளர்ந்துகொண்டே இருந்து, முதல் உறைபனியில் பச்சைத் தண்டோடு மாட்டிக்கொள்ளும். அத்தகைய கொடிகளைக் காப்பாற்ற, சீனாவின் நிங்சியா போன்ற வட்டாரங்களில் ஒவ்வோர் ஆண்டும் கொடியைத் தரையில் படுக்கவைத்து மண்ணால் மூடி, வசந்தத்தில் மறுபடி தோண்டி எடுக்கிறார்கள். அதற்கு ஆகும் ஆள்கூலியும் ஒடியும் கொடிகளும் கொஞ்சமல்ல.

குளிர் தாங்கும் காட்டுத் திராட்சைக்கும் மணம் மிகுந்த தோட்டத் திராட்சைக்கும் முடிச்சுப் போட்டவர் எல்மர் ஸ்வென்சன். இ.எஸ். 6-8-25 என்ற எண்ணின் முதல் இரண்டு எழுத்துகள் அவருடைய பெயரே. 1913-இல் பிறந்த அவர் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆசியோலா அருகே பால்பண்ணை நடத்திய விவசாயி. டெக்சாசின் டி.வி. மன்சன் 1909-இல் வெளியிட்ட அமெரிக்கத் திராட்சை வளர்ப்பு நூலைப் படித்து, 1943-இல் தம் நிலத்திலேயே மகரந்தச் சேர்க்கை செய்யத் தொடங்கினார். 1969-இல் மின்னசோட்டாப் பல்கலைக்கழகம் அவரைத் தன் தோட்டக்கலை நிலையத்தில் பணிக்கு அமர்த்திக்கொண்டது. எடல்வைஸ், ஸ்வென்சன் ரெட் ஆகிய ரகங்களை அவரும் பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிட்டனர். லா கிரெசென்ட்டின் தாயான செயின்ட் பெப்பினும் அவர் உருவாக்கியதே. 2004-இல் காலமாகும்வரை, கேட்டவருக்கெல்லாம் தம் கொடியிலிருந்து குச்சி வெட்டிக் கொடுத்தார். குளிர்நாட்டில் இன்று திராட்சை பயிரிடும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அந்தத் தாராளத்தின் மீது நிற்கின்றன. இந்த வரலாற்றில் மிகவும் போற்றத்தக்க மனிதர் இவர்தான்.

அவருடைய கலப்புகளை எடுத்துக்கொண்டு லா கிரெசென்ட்டை ஆக்கியவர்கள் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஹெம்ஸ்டாட், ஜேம்ஸ் லூபி ஆகியோர். பல்கலைக்கழகத்தின் கணக்குப்படி இந்த ரகத்தில் ஐரோப்பியத் திராட்சையின் பங்கு 45 விழுக்காடு, ரிப்பேரியாவின் பங்கு 28 விழுக்காடு. எஞ்சியது வேறு சில அமெரிக்க இனங்களுடையது. குளிரைத் தாங்கும் வலு காட்டுப் பாட்டியிடமிருந்து வந்தது. மணத்தில் பன்னீர்ப் பாட்டனின் சாயல் தெளிவாகத் தெரிகிறது. மஸ்கட் குடும்பத்தின் மணத்துக்குக் காரணம் லினலூல், ஜெரானியால் போன்ற எண்ணெய்ச் சேர்மங்கள். ஜெரானியால் ரோஜாவிலும் உண்டு. லா கிரெசென்ட் ஒயினில் சர்க்கரை பாதாமி, குழிப்பேரி, எலுமிச்சை வகைகளின் வாசனையோடு மஸ்கட் மணமும் எழுவதாகச் சுவைப்போர் சொல்கிறார்கள்.

நிறத்தின் கதை இதைவிடச் சுவையானது. பன்னீர் திராட்சை கருநீலம், ரிப்பேரியாவும் கறுப்பு. பேத்தி மட்டும் எப்படி வெளிர்மஞ்சளானாள்? திராட்சையின் தோலுக்கு நிறமேற்றும் மரபணு ஒன்றின் முன்பகுதியில், பழங்காலத்தில் எப்போதோ, இடம்பெயரும் மரபுத் துணுக்கு ஒன்று புகுந்து அதை முடக்கிவிட்டது. ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை 2004-இல் கண்டறிந்தார்கள். முடங்கிய படியை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றால்தான் பழம் வெள்ளையாகும்; ஒரு படி நல்லதாக இருந்தாலும் கறுப்பே. பன்னீர் திராட்சையின் பெற்றோரில் ஒன்றான அலெக்சாந்திரியா மஸ்கட் வெள்ளை என்பதால், அது தந்த படி முடங்கியதாகவே இருந்திருக்க வேண்டும். ஆகவே கம்பத்தில் பறிக்கும் ஒவ்வொரு கரிய பழத்துக்குள்ளும் ஒரு வெள்ளைப் படி மறைந்திருக்கிறது. அது இ.எஸ். 6-8-25 வழியாக இறங்கி, தாய் செயின்ட் பெப்பின் தந்த இன்னொரு முடங்கிய படியோடு சேர்ந்தபோது வெள்ளைப் பேத்தி பிறந்தாள். காட்டுத் திராட்சை கறுப்பாகவே இருப்பதால், தந்தை வழி வெள்ளை மஸ்கட் கிளையிலிருந்து வந்தது என்று கொள்வதே பொருத்தம்.

இத்தனை திறமையுள்ள கலப்பினங்களுக்கு நெடுங்காலம் மதிப்புக் கிடைக்கவில்லை. 1860-களில் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன ஃபிலாக்சிரா என்ற வேர்ப்பேன் பிரான்சின் தோட்டங்களை அழித்தது. தீர்வு இரண்டு வழிகளில் தேடப்பட்டது. அமெரிக்க வேர்ச்செடியின் மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுவது ஒன்று. இரண்டு இனங்களையும் கலந்து புதிய ரகம் படைப்பது மற்றொன்று. ஆல்பேர் செய்பெல் போன்றோர் ஆயிரக்கணக்கான கலப்புகளைச் செய்தார்கள். செயின்ட் பெப்பினின் பெற்றோரில் ஒன்றான செய்வால் அந்தப் பிரெஞ்சு முயற்சியில் விளைந்ததே. விளைச்சல் பெருகி ஒயின் விலை சரிந்ததும் பழி கலப்பினங்களின் மேல் விழுந்தது. 1934-இல் பிரெஞ்சுச் சட்டம் ஆறு ரகங்களைத் தடைசெய்தது. அவற்றில் ஒன்று இசபெல்லா. அதுவே கர்நாடகத்தில் பெங்களூர் ப்ளூ என்று வழங்குவதாகத் திராட்சை ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒரு நாட்டில் சட்டவிரோதமான கொடி, இன்னொரு நாட்டில் புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரிய பயிர். 2021-இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் விதிகளைத் திருத்தி, பாதுகாக்கப்பட்ட பிறப்பிடப் பெயர் கொண்ட ஒயின்களிலும் கலப்பினங்களுக்கு இடமளித்தது. பூச்சிமருந்தைக் குறைக்க வேண்டிய கட்டாயமும் மாறிவரும் தட்பவெப்பமும் அதற்குக் காரணங்கள். கலப்பு என்றால் மட்டம் என்ற எண்ணம் அறிவியலில் பிறந்ததன்று, சந்தைப் போட்டியில் பிறந்தது.

வெள்ளை ஒயினுக்கான கலப்பினம் இந்தியாவிலும் உண்டு. பெங்களூரு அருகே ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் பெங்களூர் ப்ளூவையும் ஐதராபாத்தில் புகழ்பெற்ற அனாப்-இ-ஷாஹியையும் கலந்து அர்க்கா ஹன்ஸ் என்ற ரகத்தை உருவாக்கியது. பெங்களூர் ப்ளூ வழியாக அதிலும் அமெரிக்க இனத்தின் இரத்தம் ஓடுகிறது. அங்கே பகை குளிரன்று. வெப்பமும் மழையும் பூசண நோய்களும். மின்னசோட்டா ஆய்வாளர்கள் குளிருக்கு எதிராகத் தேடிய வலுவை இவர்கள் வேறு பகைகளுக்கு எதிராகத் தேடினார்கள்.

கலந்து தேர்ந்தெடுக்கும் இந்த முறை, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சித்தியவான் வட்டாரத்துக்கும் புதிதன்று. பால்மரம் எனப்படும் ரப்பரும் இதே வழியில்தான் தோட்டங்களுக்கு வந்தது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 நாற்றுகளில் சில பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. பிறகு விதைமரங்களிலிருந்து அதிகப் பால் தரும் தாய்மரங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒரு மரத்தின் பூவை மற்றொன்றின் மகரந்தத்தோடு கையால் சேர்த்தார்கள். அப்படிப் பிறந்த சிறந்த மரத்தின் கண்ணை எடுத்து நாற்றின் பட்டைக்குள் வைத்துக் கட்டிப் பெருக்கினார்கள். தோட்டத் தமிழர் பலருக்கு அந்த ஒட்டுக்கட்டும் வேலை கைப்பழக்கம். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற பெயர்பெற்ற ரகம், ஜாவாவின் ஜிர் 1-க்கும் சிலாங்கூரின் பி.பி. 86-க்கும் பிறந்தது. பி.பி. என்பது பிராங் பெசார் தோட்டம். அந்த நிலத்தில்தான் இன்று புத்ராஜெயா நிற்கிறது. குளிர் விழும் திரிபுராவிலும் ஆர்.ஆர்.ஐ.எம். 600 பரவலாக நடப்பட்டது.

ஒட்டுரப்பரைப் போலவே லா கிரெசென்ட்டும் விதையால் பெருகுவதில்லை. விதை போட்டால் பெற்றோர் இருவரின் குணங்களும் கலைந்து வேறொரு செடி முளைக்கும். குச்சி வெட்டி வேர்விடச் செய்தாலோ ஒட்டுக்கட்டினாலோதான் அதே ரகம் கிடைக்கும். உலகில் எங்கே நிற்கும் லா கிரெசென்ட் கொடியும், 1992-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த ஒற்றைக் கொடியின் நீட்சியே. தோட்டப்புறத்தில் வளர்ந்த ஒருவருக்கு இதை விளக்க ஆய்வகம் தேவையில்லை, நிரையில் நிற்கும் மரங்களைக் காட்டினால் போதும்.

சித்தியவானில் லா கிரெசென்ட் பயன் தராது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே நான்கு பாகையில் உள்ள இந்த ஊரில் ஆண்டின் நெடும் பகலுக்கும் குறும் பகலுக்கும் ஏறத்தாழ அரை மணி நேரமே வேறுபாடு. ரிப்பேரியா காத்திருக்கும் அந்தச் சைகை இங்கே வருவதே இல்லை. உறக்கத்துக்கென ஆக்கப்பட்ட கொடிக்கு உறங்கக் குளிர் இல்லை, விழிக்க வசந்தமும் இல்லை. ஈரப்பதமோ இலைநோய்களை வளர்க்கும். இங்கே திராட்சை முயல்வோர், பேத்தியை விட்டுவிட்டு வெப்பத்துக்குப் பழகிய பாட்டனின் வழியில், மழை படாத கூரையும் ஒழுங்கான கவாத்தும் வைத்துப் பார்ப்பதே அறிவு. சித்தியவானின் சொந்த மது திராட்சையில் பிறந்ததுமன்று. 1903-இல் இங்கே குடியேறிய ஃபூச்சோ சீனர்கள் ஒட்டும் அரிசியையும் சிவப்பு நொதி அரிசியையும் புளிக்கவைத்து வடிக்கும் சிவப்பு மதுவே இந்த ஊருக்குப் புகழ் தந்தது. வெப்பநாட்டுக்கு வெப்பநாட்டுத் தானியம் தந்த விடை அது.

லா கிரெசென்ட்டின் இடர்களும் சிலவல்ல. பழம் முற்றியபோது சர்க்கரை 24, 25 பிரிக்ஸ் வரை ஏறுகிறது, அமிலமோ அதற்கு ஈடாக இறங்குவதில்லை. லிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் அமிலம் நிற்பது வழக்கம். குளிர் வலுவோடு ரிப்பேரியா தந்த சீதனம் இது. அதனால் ஒயின் தயாரிப்போர் சிறிது சர்க்கரையை நொதிக்கவிடாமல் நிறுத்தி, புளிப்பும் இனிப்பும் ஒன்றையொன்று தாங்கும்படி செய்கிறார்கள். வேறு சிலர் அந்தப் புளிப்பையே மூலதனமாக்கி நுரைக்கும் ஒயின் செய்கிறார்கள். பழுத்த மணிகள் காம்பிலிருந்து எளிதில் உதிர்ந்துவிடும் என்பதால் அறுவடை தள்ளிப்போனால் இழப்பு. இலைகள் அடிச்சாம்பல் நோய்க்கு எளிதில் ஆளாகும். வசந்தத்தில் சீக்கிரமே துளிர்விடும் பழக்கமும் காட்டுப் பாட்டியின் வழி வந்ததே. மைனஸ் 36-ஐத் தாண்டி வந்த கொடி, துளிர்விட்ட பிறகு விழும் லேசான உறைபனியில் அடிபடுவதுண்டு. இத்தனைக்கும் நடுவில் மின்னசோட்டா, விஸ்கான்சின், வெர்மாண்ட், கனடாவின் கியூபெக் ஆகிய இடங்களில் அது நிலைத்துவிட்டது. அமிலத்தைக் குறைக்கும் முயற்சி அதே பல்கலைக்கழகத்தில் தொடர்ந்தது. 2017-இல் வெளியான இட்டாஸ்கா என்ற வெள்ளை ரகம், குளிர் வலுவை விட்டுக்கொடுக்காமல் அமிலம் குறைந்த சாறு தருகிறது.